கடவுளிடம் எந்தத் தமிழில் பேசுவது? வட சென்னையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து டீயும் பொறையும் கொடுக்கிற நேரத்தில், புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் தண்டையார்பேட்டை சபையில் என் பொறுப்பு. ஆறேழு வருடமாகச் செய்கிறேன். இதற்காகப் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. வார நாட்களில் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டையில், கிறிஸ்தவர்கள் இல்லாத வீட்டில். அதனால் புதிதாக வருகிறவர்களின் தடுமாற்றம் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். வெல்டிங் வேலை பார்க்கிறவன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. கடைசியில் கேட்டான்: "அக்கா, எனக்கு ஜெபம் பண்ண வரலக்கா. பாஸ்டர் மாதிரி அந்த வார்த்தையெல்லாம் வாயில வரமாட்டேங்குது. 'உம்முடைய சமுகத்தில் எங்களைத் தாழ்த்துகிறோம்'னு ஆரம்பிச்சா, யாரோ வேற ஆள் பேசற மாதிரி இருக்கு."

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு. அவன் மாதிரி இருக்கிற எல்லாருக்கும்தான். கடவுளை நேசிப்பது எப்படி என்று கேட்டால் நான் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: வேற ஆள் மாதிரி பேசுவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கரையில் மூட்டிய அடுப்பு

ராயபுரத்துக்கு அந்தப் பெயர் ராயப்பரால் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேதுருவைத்தான் பழைய கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். பவுல் அவர்களுக்குச் சின்னப்பர். படகுத் தொழில் செய்தவர்கள் எழுப்பிய புனித பேதுரு கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் ஊருக்கு ஒரு மீனவரின் பெயரை வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மீனவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்தால், நாம் எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கும்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, அவருடைய சீடரான பேதுரு ஒரு கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்துகொண்டே "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொன்னார். பிறகு இயேசு உயிர்த்தெழுந்தார். பேதுரு மீன்பிடிக்கப் போனார், ராத்திரி முழுக்க ஒன்றும் சிக்கவில்லை. விடியற்காலையில் கரையில் இயேசு நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை போட்டார்கள்: 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்து பார்த்தால் அங்கே ஒரு கரிநெருப்பு, அதன் மேல் மீன், பக்கத்தில் அப்பம். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது, மூன்று தடவை: "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" இது யோவான் 21-ஆம் அதிகாரம்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி. "நீ ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று ஒரு வார்த்தை கூட இல்லை. விடிய விடிய கடலில் இருந்து வெறும் கையோடு வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று காசிமேட்டில் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வாள். சூடாக ஏதாவது வேண்டும், திட்டு வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாம் ஒழுங்காகி, குடியை விட்டு, பொய்யை விட்டு, பைபிளை முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் கடவுள் திரும்பிப் பார்ப்பார் என்று நினைக்கிறார்கள். யோவான் எழுதிய முதல் கடிதம் நேரடியாகவே சொல்கிறது: "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." முந்திக்கொண்டவர் அவர். குடியை விடத்தான் வேண்டும், ஆனால் அது அடுப்படிக்கு வந்து உட்கார்ந்த பிறகு நடக்கிற காரியம்.

ஆகவே முதல் வாரம் வேறெதுவும் வேண்டாம். யோவான் 21-ஐ ஏழு நாளும் ஒருமுறை படியுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

நீரா, நீங்களா, நீயா?

கிறிஸ்தவத் தமிழில் கடவுளை "நீர்" என்றுதான் கூப்பிடுவோம். "நீர் நல்லவர், உம்மைத் துதிக்கிறோம்." தென்மாவட்டத்துக்காரர்கள் பேச்சில் "நீரு" இன்னும் உயிரோடு இருக்கிறது. வட சென்னையில் நம்மில் யாரும் யாரையும் "நீர்" என்று கூப்பிட்டதில்லை. அந்தத் தம்பி வாயைத் திறந்தவுடனே வேற ஆள் ஆகிப்போவதற்குக் காரணம் இந்த ஒரு சொல்தான்.

பைபிளின் தமிழ் அப்படி இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இதே வேப்பேரியில் இருந்துகொண்டு ஃபப்ரிசியுஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி வருடக்கணக்காகத் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். இன்று பெரும்பாலான புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் திருத்தி 1871-இல் வெளியிட்டதன் வழியில் வந்தது. அதன் தமிழ் அந்தக் காலத்துத் தமிழ். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், பாதி வசனங்கள் மனப்பாடம். ஆனால் அது நாம் படிக்கிற தமிழ். அதிலேதான் பேச வேண்டும் என்று கடவுள் எங்கேயும் கேட்கவில்லை. இயேசுவே கலிலேயாவின் மீன்பிடிக் கரைகளில் ஜனங்கள் பேசிய அராமிக் மொழியில் பேசினவர்தான். அன்றைக்கு ராத்திரி பேதுரு மாட்டிக்கொண்டதே பேச்சால்தான், "உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது" என்று கலிலேயக் கொச்சையை வைத்து அவரைக் கண்டுபிடித்தார்கள். நம்ம பாஷையைக் கேட்டு ஊர்க்காரர்கள் சிரிக்கிற மாதிரி.

எங்கள் சபைக்கு வருகிற ஒரு அக்கா காசிமேட்டில் மீன் வாங்கி வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கிறவர். ஒரு ராத்திரி ஜெபக்கூட்டத்தில் அவர் முறை வந்தது. கண்ணை மூடினார். "யேசப்பா, இன்னிக்கு வியாபாரம் படுத்துகிச்சு. வஞ்சிரம் பாதி அப்படியே நின்னுபோச்சு. காலைல தண்டல்காரன் வருவான். இன்னா சொல்றதுன்னு தெரியல, நீயே பாத்துக்கோ. எனக்குத் தூக்கம் வருது. ஆமென்." அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அதுவரை ஐந்து வருடம் செய்த ஜெபங்களில் ஒன்றிலாவது இவ்வளவு உண்மை இருந்ததா என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

அப்படியே செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் அப்பாவை "நீங்க" என்றால் கடவுளையும் "நீங்க" என்று கூப்பிடுங்கள். "நீ" என்றால் "நீ". மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், வீட்டில் அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சில மாதங்கள் போன பிறகு, சபையோடு சேர்ந்து ஜெபிக்கும்போது "நீர்" தானாகவே வாயில் வரும். வந்தால் வரட்டும்.

என்ன பேசுவது? அன்றைக்கு நடந்தது. முதலாளி கத்தினது, பையன் ஸ்கூல் பீஸ், முதுகுவலி, பக்கத்து வீட்டுக்காரி வாங்கின புது பிரிட்ஜைப் பார்த்து வந்த பொறாமை, எல்லாம். அதில் பொறாமையைச் சொல்வதுதான் கஷ்டம். நன்றியும் கேட்பும் எல்லாருக்கும் வரும். வெட்கப்படுகிற விஷயத்தைச் சொல்லத் தொடங்குகிற நாளில்தான் உறவு ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம்.

பேசி முடித்ததும் எழுந்து ஓடாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். குரல் ஒன்றும் கேட்காது, எனக்குக் கேட்டதில்லை. கேட்கிறது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். ஒரே திண்ணையில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் உறவுதான்.

சொந்த வார்த்தை எதுவுமே வராத நாளுக்கு, இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம் இருக்கிறது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றும், கத்தோலிக்கக் கோயிலில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றும் சொல்வார்கள். இரண்டும் மத்தேயு 6-இல் இருக்கிற அதே ஜெபம். மெதுவாகச் சொல்லுங்கள், "எங்கள்" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று.

கதவே இல்லாத வீட்டில்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம் பண்ணு என்று இயேசு சொன்னார். நம் பக்கம் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீடு எத்தனையோ. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு வீட்டு டிவி இன்னொரு வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஓடும். கதவைப் பூட்டினால் பாத்ரூம் போக அவசரமாக யாராவது தட்டுவார்கள்.

எனக்கு ஒத்துவந்தது மொட்டை மாடி. ஐந்தரை மணிக்கு, துணி காயப்போடப் பெண்கள் ஏறி வருவதற்கு முன்னால். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசுவும் இருட்டோடே எழுந்து ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போனார் என்று இருக்கிறது. அது எனக்கு ஆறுதல், அவருக்கும் வீட்டுக்குள் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மணலி, எண்ணூர் பக்கம் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு விடியற்காலை சரிப்படாது. அவர்கள் வேலை முடிந்து வருகிற வழியையே ஜெப நேரமாக வைத்துக்கொள்ளட்டும். கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவனை, தூங்குகிறான் என்று விட்டுவிடுவார்கள்.

கத்தோலிக்கக் கோயில்கள் பெரும்பாலும் பகலிலும் திறந்திருக்கும். ராயபுரத்திலோ பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்திலோ மதியம் உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால், நீங்கள் யார், எந்தச் சபை என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாரிமுனைப் பக்கம் வேலையென்றால் அரண்மனைக்காரன் தெருவில் அந்தோணியார் கோயில் இருக்கிறது. (அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனிய வியாபாரிகள் இருந்த தெரு. "ஆர்மீனியன்" நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான்.) செவ்வாய்க்கிழமை அங்கே எல்லா மதத்துக்காரர்களும் வந்து கூட்டம் அலைமோதும். அமைதி வேண்டுமானால் வேறு நாள் பாருங்கள்.

பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தவர்களில் இரண்டாவது வாரம் தாண்டினவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு வெளியே, வேலைக்கு நடுவே ஒரு வார்த்தை பேசுவதும் கணக்கில் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் கோயிலில் முழந்தாளிட்டிருப்பது போலவே தன்னால் கடவுளோடு இருக்க முடிகிறது என்றார். எனக்குப் பில் மெஷின். பேப்பர் ரோல் மாற்றுகிற அந்த அரை நிமிடத்தில் "ஆண்டவரே, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்பேன்.

எங்கே படிக்கத் தொடங்குவது

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். ஆதியாகமம் நன்றாகத்தான் போகும், யாத்திராகமமும் பாதி வரை போகும். லேவியராகமத்தில் பலிகளின் விவரம் வரும்போது பைபிள் அலமாரிக்குப் போய்விடும். இயேசுவின் கதையைச் சொல்கிற மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. அதோடு ராத்திரி ஒரு சங்கீதம், அதாவது பைபிளில் பாட்டாக இருக்கிற ஜெபங்களில் ஒன்று.

பழைய மொழிபெயர்ப்பு புரியவில்லை என்றால், 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் படியுங்கள். இன்றைய தமிழ். கத்தோலிக்க பைபிளில் 73 புத்தகம், மற்றவர்களுடையதில் 66. இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மாற்கு இரண்டிலும் ஒன்றுதான்.

அளவு முக்கியம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். படித்துவிட்டுக் கண்ணை மூடி அந்தக் கூட்டத்துக்குள் போய் நில்லுங்கள். லொயோலா இஞ்ஞாசியார் என்ற ஸ்பெயின் நாட்டுத் துறவி 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த முறை இது. நான் எப்படிச் செய்தேன் என்று ஒன்று சொல்கிறேன்.

மாற்கு 10-இல் பர்திமேயு. கண் தெரியாதவன், எரிகோ ஊருக்கு வெளியே வழியோரம் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறவன். எனக்கு எரிகோ தெரியாது, பிராட்வே பஸ் ஸ்டாண்டு தெரியும். ஆகவே அங்கேயே உட்காரவைத்தேன். பழ வண்டிக்கும் மூத்திரச் சந்துக்கும் நடுவில், முன்னால் ஒரு துண்டை விரித்துக்கொண்டு. பெரிய கூட்டம் போகிறது. யார் என்று கேட்கிறான். நாசரேத்து இயேசு என்கிறார்கள். கத்துகிறான். "அவன் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்" என்று இருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அதட்டுகிறவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில்தான் கடை வாசலில் உட்கார்ந்த ஒரு தாத்தாவை "எழுந்து அந்தப் பக்கம் போ, கஸ்டமர் வர்றாங்க" என்று சொல்லியிருந்தேன்.

பிறகு இயேசு நின்று அவனைக் கூப்பிடுகிறார், அவன் துணியை எறிந்துவிட்டு வருகிறான். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்கிறார். கண் தெரியாதவனிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டுமா? ஆனாலும் கேட்கிறார். அவன் வாயாலே அவன் சொல்லட்டும் என்று. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பாருங்கள். சட்டென்று வருகிற பதில் ஒன்றாக இருக்கும், கொஞ்சம் உட்கார்ந்தால் அதற்குக் கீழே இன்னொன்று இருக்கும்.

கல்லா எண்ணுவது

அதே இஞ்ஞாசியார் சொன்னதுதான் இதுவும். கடை மூடினதும் கல்லாவை எண்ணுவோம் அல்லவா, வந்தது, போனது, எங்கே இடிக்கிறது என்று. படுக்கிறதற்கு முன்னால் அந்த நாளை அப்படிக் கடவுளோடு உட்கார்ந்து எண்ணுங்கள். எதற்கு நன்றி, எங்கே அவர் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது, எங்கே நான் சறுக்கினேன், நாளைக்கு என்ன. ஐந்து நிமிடம். கணக்கு இடித்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழவேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுங்கள்.

அவர் பதில் சொல்லாத நாட்கள்

இதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ஆறாவது மாதத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள்.

நான் விசுவாசத்துக்கு வந்து மூன்றாம் வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து கடவுளோடு பேரம் பேசினேன். அம்மாவைப் பிழைக்க வைத்தால் மாதச் சம்பளத்தில் பாதி, நாற்பது நாள் உபவாசம், வாழ்நாள் முழுக்க ஞாயிறு தவறமாட்டேன் என்று. பொருத்தனை என்று பெயர், ஆனால் அது சந்தையில் விலை பேசுவதுதான். அம்மா இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த ஒரு ஊழியர், "உன் விசுவாசம் பத்தலம்மா" என்றார். சொந்தக்காரர்கள் வேறு, "சாமி மாறினதுக்குத் தண்டனை" என்றார்கள். இரண்டு பக்கமும் அடி.

இரண்டு மாதம் சபைப் பக்கமே போகவில்லை. பைபிளைத் திறந்தது ஒரே ஒருமுறை, சண்டை போடுவதற்காக. 13-ஆம் சங்கீதம் வந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" கடவுளைத் திட்டுகிற மாதிரியான இந்த வரிகளைக் கடவுளுடைய புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே கிடையாது. சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22-ஆம் சங்கீதத்தின் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

ஆகவே கோபம் வந்தால் அவரிடமே கோபப்படுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டிலும் அப்படித்தானே, சண்டை போடுகிறவரை உறவு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போன அந்த வாரம், எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பாட்டை எடுக்க யாருக்கும் தொண்டை வரவில்லை. ஒரு பெரியவர் எழுந்து இந்த 13-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அதுவே ஆராதனை.

கோபம் ஒருவகை என்றால் வறட்சி இன்னொரு வகை. எந்தப் பிரச்சினையும் இருக்காது, ஜெபம் மட்டும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் இருந்த கண்ணீரும் சந்தோஷமும் எங்கே போனது என்று தேடுவீர்கள். நான் இதைத் தடைக்காலம் என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் அப்போது போய்ப் பாருங்கள். மீன் பிடிப்பதில்லை, ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், எஞ்சின் பார்க்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக் கிழிசல் தைக்கிறார்கள். யாக்கோபையும் யோவானையும் இயேசு கூப்பிட்டபோது அவர்களும் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வறட்சியில் புதிதாக எதையும் முயலாதீர்கள். அதே பத்து நிமிடம், அதே இடம், ஒரு சங்கீதம், "பிதாவே" ஜெபம், முடித்துவிட்டு எழுந்துபோங்கள்.

மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது வேறு. அது ஜெபக்குறை அல்ல. டாக்டரைப் பாருங்கள், பார்த்துக்கொண்டே ஜெபியுங்கள்.

எந்தச் சபைக்குப் போவது

தனியாக நேசிக்க முடியாதா என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் முடியும். பிறகு நாமே செய்துகொண்ட ஒரு கடவுளைத்தான் நேசித்துக்கொண்டிருப்போம், நம்மை மாதிரியே இருப்பார், நமக்குப் பிடிக்காதவர்களை அவருக்கும் பிடிக்காது.

வட சென்னையில் சபைக்குக் குறைவில்லை, இரண்டு தெருவுக்கு ஒன்று. கத்தோலிக்கர்களை ஆர்.சி. என்போம், அங்கே ஃபாதர், திருப்பலி, பழைய ஆட்கள் வாயில் பூசை. 1947-இல் பல சபைகள் ஒன்றாகி உருவான சி.எஸ்.ஐ.-யில் ஆயர், ஆராதனை, திருவிருந்து. பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர். பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள், ஆண் பெண் தனித்தனி, பெண்கள் முக்காடு போடுவார்கள், அந்நிய பாஷையில், அதாவது ஆவியால் வருவதாக அவர்கள் நம்புகிற புரியாத சொற்களில், சத்தமாக ஜெபிப்பார்கள். முதல்முறை கேட்டால் திகைப்பாக இருக்கும், ஒன்றும் ஆகாது. வாசலில் செருப்புக் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். ஆர்.சி. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்பும்போது நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம். ஞானஸ்நானம் பெற்று முதல் நன்மை (முறைப்படி முதல் தடவை நற்கருணை) வாங்கியவர்கள்தான் போவார்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நான்கு வாரம் ஒரே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைவிட, பிரசங்கம் முடிந்த பிறகு அவர்கள் பெருக்குகிற அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். மூன்று விஷயத்தைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்: இவ்வளவு காணிக்கை போட்டால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று கணக்குச் சொல்வது, "சுகர் மாத்திரையை நிறுத்து, விசுவாசித்தால் போதும்" என்பது, வீட்டாரோடு பேசாதே என்பது. இதில் நடுவிலே உள்ளதைக் கேட்டுக் காலை இழந்தவரை எனக்குத் தெரியும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள். ஆர்.சி.-யில் பொதுவாக மாதக்கணக்கில் வகுப்பு நடத்தித்தான் கொடுப்பார்கள். அது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன், எங்கள் சபைக்காரர்களுக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது.

வீட்டில்

வந்த புதிதில் நான் செய்த தப்பு இது. அம்மாவின் பூஜை அலமாரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை, அன்றைக்குச் சாப்பிடவில்லை. பத்துக் கட்டளைகளில் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதும் ஒன்று என்று எனக்கு யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசத்தைச் சாப்பிடலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. சபைக்குச் சபை பதில் மாறும். என் பதில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முதலில் மாவு உருட்டிக் கொடு என்பதுதான்.

அந்த ஒரு போன்

கடைசிப் படி எல்லாவற்றிலும் கடினம். இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

யோவானின் அதே முதல் கடிதம், 4-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனம்: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" கரையில் பேதுருவிடமும் அப்படித்தான். "நேசிக்கிறேன்" என்று அவர் ஒவ்வொரு தடவை சொன்னபோதும் இயேசு "சரி" என்று விட்டுவிடவில்லை. "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று ஒரு வேலையைக் கொடுத்தார்.

நீங்கள் பேசாமல் இருக்கிற ஒரு ஆள் இருப்பார். மொட்டை மாடியில் ஜெபிக்கும்போது அந்த முகம் வரும், துரத்துவீர்கள், மறுபடி வரும். எனக்கு என் அண்ணி. அம்மாவின் வளையல் விஷயம், நான்கு வருடம் பேச்சில்லை. புதியவர்களுக்கு மன்னிப்பைப் பற்றி வகுப்பு எடுத்துவிட்டு, தெருமுனையில் அண்ணியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறவளாக இருந்தேன்.

அடித்தவரிடம், ஆபத்தானவரிடம் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அது வேறு. வறட்டுப் பிடிவாதத்தால் நின்றுபோன பேச்சைத்தான் சொல்கிறேன். பெரிய பேச்சு தயார் செய்யாதீர்கள். யார் மேல் தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

நான் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டம் இல்லாத மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான் அண்ணி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

"இரு," என்றார், "அடுப்பை அணைச்சுட்டு வரேன்."